டான்ஸ்ல டிகிரி: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மாணவர்கள் சேர்வதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பரதநாட்டியத்தில் பட்டம் வாங்க முடியுமா? முடியும். அதை வெச்சு வேலைக்குப் போக முடியுமா? இங்கேதான் பதில் கொஞ்சம் நீளம். எது டிகிரி, எது டிப்ளமோ, எங்கே படிக்கலாம், படிச்சா என்ன கிடைக்கும்? முழு விளக்கம் இதோ.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கும். ஆறு வயசுல இருந்து டான்ஸ் கிளாஸ் போற பொண்ணு, "நான் டான்ஸே படிக்கிறேன்"னு சொல்லும். "டிகிரி ஒண்ணு முடிச்சுடு, டான்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது"னு அப்பா சொல்வார். பையன் கேட்டா விவாதம் இன்னும் சீக்கிரம் முடிஞ்சுடும். "டான்ஸுலயே டிகிரி இருக்கு"ங்கற தகவல் அந்தப் பேச்சுக்குள்ள பெரும்பாலும் வர்றதே இல்லை. வந்தாலும், எந்தப் படிப்புக்கு என்ன மதிப்புன்னு தெளிவாகச் சொல்ல ஆள் இருக்காது.

ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கம் தெருவுக்குத் தெரு பரதநாட்டிய வகுப்பு போர்டு தெரியும். மாடி அறையில், கல்யாண மண்டபத்தில், பள்ளி முடிந்தபின் வகுப்பறையில் என நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆடுறாங்க. ஆனா பட்டம் தரும் கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் நகரின் மறுமுனையில், அடையாறு ஆற்றை ஒட்டிய பகுதியில் இருக்கு. இந்தத் தூரம் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதல்ல... டிகிரி எது, டிப்ளமோ எது?

குழப்பம் ஆரம்பிக்கிற இடமே இதுதான். நடன உலகில் 'சர்டிஃபிகேட்' என்ற ஒரே சொல் நாலு வேறு விஷயங்களைக் குறிக்குது.

ஒன்று, வகுப்பு நடத்தும் ஆசிரியரே தரும் சலங்கை பூஜை, அரங்கேற்றச் சான்றிதழ். இது உங்க கலைப் பயணத்தின் நினைவு. கல்வித் தகுதியாக இதுக்கு மதிப்பு கிடையாது.

இரண்டு, கிரேடு தேர்வுச் சான்றிதழ். வெளியிலிருந்து தேர்வாளர் வந்து நடத்தும் படிநிலைத் தேர்வுகள். திறமைக்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவுதான்.

மூன்று, டிப்ளமோ. திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ரா உலகப் புகழ் பெற்றது. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நிறுவனம். 1993-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்' ஆனது. அங்கே படிச்சா உலகம் முழுக்க மரியாதை. ஆனா அங்கே பரதநாட்டியத்தில் முதன்மையான படிப்பு 4 ஆண்டு டிப்ளமோ. இதை பி.ஏ., பி.எஃப்.ஏ. மாதிரியான பல்கலைக்கழகப் பட்டம்னு நினைச்சு சேரக் கூடாது.

நான்கு, பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு சட்டம் 1956-ன் 22-ஆவது பிரிவுப்படி, பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்கள் மட்டுமே பட்டம் வழங்க முடியும். பி.ஏ. பரதநாட்டியம், பி.எஃப்.ஏ. பரதநாட்டியம், எம்.ஏ., எம்.எஃப்.ஏ. எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இந்த வித்தியாசம் எப்போ தெரிய வரும்? பட்டம் கேட்கிற அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போது, முதுநிலைப் படிப்புக்குப் போகும்போது, 'நெட்' தேர்வு எழுத நினைக்கும்போது. அதாவது மூணு, நாலு வருஷம் கழிச்சு. அதனாலதான் சேரும் முன்பே கேட்கணும்: "இந்தப் படிப்புக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது?"

சென்னையில் எங்கே படிக்கலாம்?

தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். இசை, நடனம், ஓவியம், சிற்பம் போன்ற கலைகளுக்காகவே 2013-ல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட மாநிலப் பல்கலைக்கழகம் இது. ராஜா அண்ணாமலைபுரத்தில் கிரீன்வேஸ் சாலைப் பகுதியில் இருக்கு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு அரசு இசைக் கல்லூரிகளும் இதன் குடையின் கீழ் வருது. சென்னை அரசு இசைக் கல்லூரி 1949-ல் தொடங்கப்பட்டது. அடையாறு ஆற்றங்கரையில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட பிராடி கோட்டைதான் அதன் அடையாளம்.

இந்தப் பல்கலைக்கழகம் அரசியல் செய்திகளிலும் அடிபடும். ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சரையே வேந்தராகக் கொண்ட சட்டம் இதனுடையது. 2023 நவம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வேந்தர் என்ற முறையில் பங்கேற்று, பாடகி பி.சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கினார்.

இது தவிர, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறையில் நடனத்துக்கு முதுநிலைப் படிப்பு இருக்கு. அடையாறில் உள்ள எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரியில் பரதநாட்டியம் இளநிலைப் படிப்பாக நடத்தப்படுது. வெளியூர் போகத் தயார் என்றால் திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி நீண்ட பெயர் உள்ள இடம். தஞ்சாவூர் சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தபடியே படிக்கும் முறையில் பரதநாட்டியப் பட்டப்படிப்புகளை நடத்தி வந்திருக்கு. தொலைநிலை, ஆன்லைன் படிப்பு எதுவாக இருந்தாலும், அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கான்னு யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்க. அனுமதிப் பட்டியல் வருஷா வருஷம் மாறும்.

ஆவடியிலிருந்து போய் வர முடியுமா?

முடியும். ஆவடி, அம்பத்தூரில் இருப்பவர்களுக்கு ரயில் வழி நேரானது. மின்சார ரயிலில் சென்ட்ரல் புறநகர் நிலையம் வந்து, சாலையைக் கடந்து பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம், அங்கிருந்து வேளச்சேரி வண்டி. கிரீன்வேஸ் சாலையில் இறங்கினால் இசைப் பல்கலைக்கழகம். இன்னும் நாலு நிறுத்தம் தள்ளி திருவான்மியூரில் இறங்கினால் கலாக்ஷேத்ராவுக்குப் போகலாம்.

ஆனா இந்த வழி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குதுன்னு 2023-ல் பார்த்தோம். கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஓடியது. கிட்டத்தட்ட 14 மாதம். சென்ட்ரலில் இறங்கி சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் எப்படியாவது போய்ச் சேர வேண்டிய நிலை. ஒரு மூணு வருஷப் படிப்பில் இது ஒரு வருஷத்துக்கும் மேல.

பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் கிடையாது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 முதல் பெரிய ஆறுதல். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காவது வழித்தடம் கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லி பைபாஸையும் இணைக்கும், 26.1 கி.மீ. அது முழு நீளத்துக்கும் ஓடினால், திருமயிலையில் இறங்கி பறக்கும் ரயில் பிடித்து கிரீன்வேஸ் சாலை போய்விடலாம்.

பயண நேரத்தை ஏன் இவ்வளவு பேசறோம்? பி.காம் படிக்கிறவங்க ரயிலில் நின்னுக்கிட்டே வந்தாலும் வகுப்பில் உட்காரலாம். நடன மாணவி ஒன்றரை, இரண்டு மணி நேரம் நின்னு வந்து, அதே காலோடு அரைமண்டியில் உட்காரணும். சாயங்காலம் அதே வழியில் திரும்பி, வீட்டில் சாதகம் பண்ணணும். அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மொசைக், டைல்ஸ் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டினால் முழங்கால் சொல்லும் பதில் வேற. விடுதி இருக்கா, இல்லையா என்ற கேள்வி, பாடத்திட்டம் என்ன என்ற கேள்விக்குச் சமமானது.

உள்ளே என்னதான் சொல்லித் தராங்க?

"மூணு வருஷம் முழுக்க ஆடிக்கிட்டேவா இருப்பாங்க?" இது நிறைய பேர் கேட்கும் கேள்வி. இல்லை. செய்முறையில் அடவுகளில் தொடங்கி அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று மார்க்கம் போகும். கூடவே வாய்ப்பாட்டு, தாளக் கணக்கு, நட்டுவாங்கம், நாட்டிய வரலாறு, நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம் போன்ற நூல்கள், மொழிப் பாடங்கள் எல்லாம் வரும். எழுத்துத் தேர்வு உண்டு.

இது ஏதோ புதுசா வந்த பாடத்திட்டம் இல்லை. தமிழ் படிச்சவங்களுக்கு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஞாபகம் வரும். மாதவி ஐந்து வயசில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயசில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். 'தலைக்கோலி' பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அதைவிட முக்கியம், அவளைத் தயார் செய்தவர்களின் பட்டியல். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழல் வாசிப்பவன், யாழ் வாசிப்பவன் என ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி இருக்கணும்னு இளங்கோ தனித்தனியாக எழுதுகிறார். அரங்கின் நீள அகலம்கூட அளவோடு வருது. ஒரு நடனக் கலைஞரை உருவாக்க ஒரே குரு போதாது, ஒரு துறையே வேணும் என்ற எண்ணம் நம்மிடம் அப்போதே இருந்திருக்கு.

இன்றைய பல்கலைக்கழகம் செய்யப் பார்ப்பதும் அதைத்தான். தெருமுனை வகுப்பில் ஆடக் கற்றுக்கொள்ளலாம். ஆனா அங்கே ரெக்கார்டு பாட்டுக்கு ஆடிப் பழகிய மாணவிக்கு, தானே தட்டுக்கழி பிடித்து ஜதி சொல்லி இன்னொருவரை ஆட வைக்கத் தெரியாது. அந்த இடைவெளியைப் பட்டப்படிப்பு நிரப்பும்.

நடனம் எப்படிக் கல்லூரிக்குள் வந்தது?

நடனத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பை உலகில் முதலில் தொடங்கியது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், 1926-ல். இந்தியாவில் ஆரம்பத்திலேயே நடனத்தைப் பட்டப்படிப்பாக்கிய இடங்களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் முக்கியமானது. பரதநாட்டிய மேதை சி.வி.சந்திரசேகர் காசி இந்து பல்கலைக்கழகத்திலும் பரோடாவிலும் பேராசிரியராக இருந்தவர்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. இந்தக் கலை தலைமுறை தலைமுறையாக இருந்தது தேவதாசி மரபினரிடமும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நட்டுவனார்களிடமும். 1930-களில் ஒரு பக்கம் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறை ஒழியணும்னு போராடினார். இன்னொரு பக்கம் ஈ.கிருஷ்ண ஐயர் கலையைக் காப்பாத்தணும்னு வாதாடினார். 1947-ல் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குள் ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் மேடை ஏறியிருந்தார். சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் ஆனது. வசதியான குடும்பப் பெண்கள் கற்கத் தொடங்கினார்கள். அதை உருவாக்கி வளர்த்த குடும்பங்கள் மெல்ல மேடையிலிருந்து விலகின, அல்லது விலக்கப்பட்டன.

இந்த முரண்பாட்டை ஒரே வாழ்க்கையில் பார்க்கணும்னா டி.பாலசரஸ்வதி. மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிப் பட்டம் பெற்றவர் இல்லை. ஆனா 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரை அழைத்து மாணவர்களுக்குக் கற்பிக்க வைத்தது. 1973-ல் சென்னை மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' கொடுத்தது. இன்று இங்கே பல்கலைக்கழக ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடணும்னா முதுநிலைப் பட்டமும் நெட் தேர்ச்சியும் அல்லது முனைவர் பட்டமும் கேட்பாங்க.

அதனால், "பல்கலைக்கழகம் வந்ததும் நடனம் எல்லாருக்கும் பொதுவாச்சு" என்பது பாதி உண்மை. குடும்பம், சாதி பார்க்காமல் விண்ணப்பம் போடலாம், இடஒதுக்கீடு உண்டு. அது பெரிய மாற்றம். ஆனா விண்ணப்பம் போடும் நிலைக்கு வர என்ன தேவைப்படுது?

ஏணியின் கீழ்ப்படி எங்கே?

பி.எஸ்சி. இயற்பியலில் சேர்பவர்களுக்கு இயற்பியலைப் பள்ளிக்கூடமே சொல்லிக் கொடுத்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்தாலும் அடிப்படை இருக்கும். நடனத்தில் அப்படி இல்லை. சேர்க்கையின்போது பொதுவாக ஆடிக் காட்டச் சொல்வாங்க. அந்த ஆட்டத்தைக் கற்றது எங்கே? பள்ளியில் இல்லை, மாசா மாசம் ஃபீஸ் கட்டிய தனியார் வகுப்பில். அதுவும் சில வருஷம் இல்லை, எட்டு, பத்து வருஷம். இதோடு உடை, சலங்கை, மேக்கப், ஆண்டு விழாக் கட்டணம். அரங்கேற்றம் என்று போனால் பக்க வாத்தியம், மண்டபம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து செலவு லட்சங்களில் போகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு குடும்பம், ரெண்டு பிள்ளைகளுக்கு இதை எத்தனை வருஷம் தாங்கும்? பத்தாம் வகுப்பு வந்ததும் "டியூஷனா, டான்ஸா" என்ற கேள்வியில் எது நிற்கும்னு எல்லாருக்கும் தெரியும். பட்டப்படிப்பில் கட்டணம் குறைவாக இருந்தாலும், அந்த வாசல் வரைக்கும் வர ஆகும் செலவைக் குடும்பமே பார்த்துக்கணும்.

குறைந்த செலவில் சில வழிகள் இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது.

ஜவகர் சிறுவர் மன்றங்கள்: கலை பண்பாட்டுத் துறை நடத்துபவை. 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம், கிராமிய நடனம் போன்றவை கற்றுத் தரப்படும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகள்: தமிழ்நாட்டில் 17 இருக்கு. பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், குரலிசை ஆகியவற்றில் 3 ஆண்டுப் படிப்பு. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி இருக்கு. தினமும் போய் வர எளிதான தூரம் இல்லை என்பதும் உண்மை.

மத்திய அரசு உதவித்தொகை: சி.சி.ஆர்.டி. அமைப்பு 10 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்குக் கலைத் திறன் தேடல் உதவித்தொகை தருது. வருஷத்துக்கு 3,600 ரூபாயும், பயிற்சிக் கட்டணத்துக்கு ஒரு உச்சவரம்பு வரை தனியாகவும். 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டு தரும் திட்டமும் இருக்கு. தொகையும் தேதியும் மாறக்கூடும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்க.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதலும், மாணவர்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய். நடனப் பட்டப்படிப்பில் சேரும்போதும் இதைக் கல்லூரி அலுவலகத்தில் மறக்காமல் கேளுங்க.

ஏணியின் மேல்படி எங்கே?

இப்போ அடுத்த பக்கம். பட்டம் வாங்கியாச்சு. வேலை?

2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியர் தேர்வு அறிவித்தது. மொத்தம் 1,325 இடங்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல். நடனம் அந்தப் பட்டியலில் இல்லை. 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோதும் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்ற பாடங்கள்தான். அவங்களும் பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா போராடுறாங்க.

ஆனா நடனமே வேண்டாம்னு அரசுப் பள்ளிகள் சொல்லலை. 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை 'கலைத் திருவிழா' நடத்துது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என நாலு கட்டம். பரதமும் உண்டு, கிராமிய நடனமும் உண்டு. ஜெயித்தவர்களுக்கு 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். பிள்ளைகள் அசத்துறாங்க. ஆனா பள்ளியில் சொல்லிக் கொடுக்க நடன ஆசிரியர் என்ற பணியிடம் இல்லாதபோது, யார் ஜெயிப்பாங்க? வெளியே ஃபீஸ் கட்டிக் கற்றவங்களுக்கும், ஆர்வமுள்ள ஒரு தமிழ் டீச்சரோ கணக்கு டீச்சரோ யூடியூப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தவங்களுக்கும் ஒரே மேடை.

இலங்கையைப் பாருங்க. அங்கே பள்ளியில் அழகியல் பாடங்களில் ஒன்றாக நடனம் இருக்கு. தமிழ் மாணவர்கள் பரதத்தைப் பாடமாக எடுத்து சாதாரண தரத் தேர்வு எழுதலாம், உயர்தரத்திலும் தொடரலாம். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைப் பிரிவுக்கோ, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகலாம். பள்ளியில் பாடம் இருப்பதால் நடன ஆசிரியர் தேவைப்படுறாங்க. ஆசிரியர் தேவைப்படுவதால் பட்டத்துக்கு ஒரு வேலை இருக்கு. அங்கேயும் பட்டதாரிகள் வேலை கேட்டுப் போராடுவது உண்டு. ஆனா ஏணிக்குக் கீழேயும் மேலேயும் படி இருக்கு.

இங்கே என்ன வழி? நடைமுறையில் பார்த்தால் இவைதான்.

தனியார் பள்ளிகள்: வாரத்தில் சில நாள் நடன வகுப்பு. சம்பளம் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில். சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு பரதநாட்டியம் விருப்பப் பாடமாகவே இருக்கு. அதை எடுத்து நடத்தும் பள்ளிகள் குறைவு.

கல்லூரி ஆசிரியர்: முதுநிலை முடித்து யு.ஜி.சி. நெட் எழுதலாம். பாட எண் 65, நிகழ்த்துக் கலைகள். இடங்கள் குறைவு, மதிப்பு அதிகம்.

சொந்த வகுப்பு: பெரும்பாலானோர் வந்து சேரும் இடம். பட்டம் இருந்தால் பெற்றோருக்கு நம்பிக்கை. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கவும் உதவும்.

சினிமா, டி.வி.: பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. ஷூட்டிங் பக்கத்துலயே நடக்குது. ஆனா சினிமா நடனத்துக்கு சங்க உறுப்பினர் அட்டை கேட்பாங்க, பட்டம் கேட்க மாட்டாங்க. பட்டப்படிப்பில் சினிமா டான்ஸ் சொல்லித் தருவாங்கன்னு நினைச்சு சேர வேண்டாம்.

அப்போ பட்டத்தால் பிரயோஜனமே இல்லையா?

இருக்கு. அது சம்பளத்தில் மட்டும் அளக்கக்கூடியது இல்லை.

கேரளாவில் நடந்ததைப் பாருங்க. 2024 மார்ச்சில் மூத்த கலைஞர் ஒருவர், கறுப்பு நிறமுள்ள ஆண்கள் மோகினியாட்டம் ஆடுவதை இழிவுபடுத்திப் பேசினார். ஆர்.எல்.வி.ராமகிருஷ்ணன் என்ற கலைஞரைக் குறித்த பேச்சு அது என்று பெரிய சர்ச்சை ஆனது. அவர் பட்டியலினத்தைச் சேர்ந்தவர், மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலம் அதே 2024-ல் மோகினியாட்ட வகுப்பில் ஆண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. 2025 ஜனவரியில் ராமகிருஷ்ணன் அங்கே பரதநாட்டியத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். சபாவில் வாய்ப்பு தருவதா, வேண்டாமா என்பது யாரோ சிலரின் விருப்பம். பல்கலைக்கழக வேலைக்குத் தகுதிப் பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியலில் நிறத்துக்கும் சாதிக்கும் இடம் கிடையாது.

நம்ம ஊரில் நர்த்தகி நடராஜ். மதுரையில் பிறந்த திருநங்கை. தஞ்சை கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம் கற்றவர். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2021-ல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு உறுப்பினர் ஆனார். அவரை ஏற்றுக்கொண்ட ஒரு குரு கிடைத்தார். அப்படி ஒரு குரு கிடைப்பது எல்லாருக்கும் அமையாது. விதிமுறைப்படி திறந்திருக்கும் ஒரு கல்லூரிக் கதவு, அப்படி அமையாதவர்களுக்கு வேணும்.

இன்னொன்று பாதுகாப்பு. 2023 மார்ச் கடைசியில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லை புகார்களுக்காக வளாகத்துக்குள்ளேயே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாநில மகளிர் ஆணையம் நேரில் விசாரித்தது, சட்டமன்றத்தில் முதலமைச்சர் பதில் சொன்னார், ஏப்ரல் தொடக்கத்தில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெரிய பெயர் உள்ள இடத்திலும் இது நடக்கும் என்பது முதல் பாடம். கல்வி நிறுவனம் என்றால் உள்புகார் குழு இருந்தே ஆகணும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2015-ன் யு.ஜி.சி. விதிமுறையும் அதைக் கட்டாயமாக்குது என்பது இரண்டாவது பாடம். தொட்டுத் திருத்திச் சொல்லிக் கொடுக்கும் கலை இது. குருவை எதிர்த்துப் பேசக் கூடாது என்ற பழக்கமும் கூடவே வருது. ஒரு மாடி அறை வகுப்பில் புகாரை யாரிடம் கொண்டு போறது? கல்லூரியில் அதுக்கு ஒரு முகவரி இருக்கணும். சேரும்போதே அந்தக் குழு யார் யார்னு கேட்பதில் தப்பே இல்லை.

சரி, என்ன முடிவு எடுக்கலாம்?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனா 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. கொண்டுவந்த ஒரு மாற்றம் புறநகர் மாணவர்களுக்கு நேரடியா உதவும். ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம். ரெண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. அல்லது ஒன்று நேரடி, இன்னொன்று ஆன்லைன் அல்லது தொலைநிலை. ஆக, கலாக்ஷேத்ராவில் டிப்ளமோ சேர்ந்து, கூடவே தொலைநிலையில் ஒரு பி.ஏ. படிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டே ஆன்லைனில் நடனப் பட்டமும் படிக்கலாம். "டிகிரியா, டான்ஸா" என்ற வீட்டுச் சண்டைக்கு இது ஒரு நடுவழி. இரண்டு கல்வி நிறுவனங்களிலும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துக்கணும்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்:

1. பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? இந்த ஆண்டு அனுமதி இருக்கா?

2. இது பி.ஏ.வா, பி.எஃப்.ஏ.வா, டிப்ளமோவா? முதுநிலைக்கு இதை வெச்சு எங்கே எங்கே சேரலாம்?

3. நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு இரண்டும் செய்முறையாக இருக்கா, தியரியா மட்டும் இருக்கா?

4. விடுதி இருக்கா? வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியுது?

5. ஆடும் தளம் என்ன தரை? சிமெண்ட்டா, மரமா? கேட்கச் சின்னதாக இருக்கும், பத்து வருஷம் கழிச்சு முழங்காலுக்குப் பெரிய கேள்வி.

6. உள்புகார் குழுவின் விவரம் எங்கே ஒட்டியிருக்கு?

ஆவடியில் ஒரு மாணவி இந்த ஆறு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு சேரலாம், அது அவளால் முடியும். அவளால் முடியாதது ஒன்று இருக்கு. பக்கத்து அரசுப் பள்ளியில் நடன ஆசிரியர் என்று ஒரு பணியிடத்தை அவளால் உருவாக்க முடியாது. தமிழ்நாட்டில் கலைகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கு, அரசுப் பள்ளிகளுக்கென்று ஒரு கலைத் திருவிழா இருக்கு. பட்டம் வாங்கிய நடன ஆசிரியரும் இருக்காங்க, ஆடத் துடிக்கும் பிள்ளைகளும் இருக்காங்க. இரண்டையும் சேர்க்கும் அரசாணைதான் இன்னும் வரலை.